விழுவது விதி மட்டும்தானா? எந்த வயதில் எது ஆபத்து?

(செம்மண்டலத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நமது அறக்கட்டளையில் சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், தண்ணீர் மெத்தை போன்றவற்றை இரவலாகக் கொடுத்து வருகிறோம். வாங்க வருகிறவர்களிடம் "என்ன ஆச்சு?" என்று விசாரிப்போம். பக்கவாதம் என்பார்கள் சிலர், ஆபரேஷன் என்பார்கள் சிலர். ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பதில் ஒன்றுதான்: "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க." அடுத்த வார்த்தை, "வயசாயிடுச்சு, விதி." அதோடு பேச்சு முடிந்துவிடும். இன்று அந்தப் பேச்சை அங்கே முடிக்காமல், கொஞ்சம் தொடர்ந்து பேசலாம் என்றுதான் உங்களை அழைத்தோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். மருத்துவரிடம் போயே ஆகவேண்டிய அளவுக்கு அடிபடும் விழுதல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். மகன் பைக்கை எடுத்தால் "பார்த்துப் போப்பா, ஹெல்மெட் போடு" என்கிறோம். உம்மா பாத்ரூமுக்குப் போகும்போது அப்படி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

கத்ரை நம்புகிறவர்கள் நாம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் நாம் மதரஸாவில் படித்த பாடம்தான். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம் வீட்டு நடையும் ஒரு வழிதான்.

விழுவதற்குக் காரணம் எல்லா வயதுக்கும் ஒன்றல்ல. குழந்தைக்கு ஆபத்து தெரியாது. இளைஞனுக்குத் தெரியும், ஆனால் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைப்பான். வேலை செய்கிறவருக்கு அவசரம். முதியவருக்கோ மனம் நினைக்கும் வேகத்துக்குக் கால் வராது. எனவே ஒவ்வொரு வயதாகப் பார்ப்போம்.

கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை

"இன்னும் குப்புறக்கூட விழலையே" என்று கட்டிலில் கிடத்திவிட்டு அடுப்படிக்குப் போகிறோம். குழந்தை முதன்முதலாகப் புரளும் நாள் முன்கூட்டித் தெரியாது. சுற்றிலும் தலையணை வைப்பது தடுப்பு ஆகாது, அது மூச்சையும் அடைக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குத் தரையில் விரித்த பாய்தான் பாதுகாப்பு. தூளி கட்டினால் கொக்கியையும் முடிச்சையும் தினமும் இழுத்துப் பாருங்கள். பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிடுங்கள். மூத்த பிள்ளைகளை வேகமாக ஆட்ட விடாதீர்கள்.

சக்கரம் வைத்த நடைவண்டியில் பிள்ளையை உள்ளே உட்கார வைத்து ஓட விடுகிறோமே, அதை கனடா நாடு 2004-ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அதில் உட்கார்ந்த குழந்தை கண் மூடித் திறப்பதற்குள் வாசற்படிக்கோ மாடிப்படிக்கோ போய்விடும். அது நடையைச் சீக்கிரம் கற்றுத் தருவதும் இல்லை. அரபு நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அன்போடு வாங்கி வரும் பொருள்களில் இதுவும் ஒன்று. வேறு விளையாட்டுச் சாமான் வாங்கி வரச் சொல்லுங்கள்.

ஜன்னல், பால்கனி, மொட்டை மாடி ஆகியவற்றின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கட்டில், பெட்டி எதையும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது ஏணி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1970-களில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுந்து இறப்பது அதிகமாக இருந்தது. அந்த நகரச் சுகாதாரத் துறை, "குழந்தைகளால் பறக்க முடியாது" என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தி, வீடு வீடாகப் பேசி ஜன்னல் கம்பிகளை வழங்கியது. பிள்ளைகள் விழுவது பெருமளவு குறைந்தது. 1976-இல், 10 வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கும் வாடகை வீடுகளில் ஜன்னல் தடுப்பு வைத்தே ஆகவேண்டும் என்று சட்டமும் வந்தது. பெற்றோரைத் திட்டி அது குறையவில்லை. கம்பி வைத்ததால் குறைந்தது. இதை நினைவில் வையுங்கள்.

2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை நாம் எல்லோரும் நான்கு நாள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தோம். அன்று துஆ கேட்காத வீடு இல்லை. பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. நம் மனையில், தோப்பில், கட்டப் போகும் இடத்தில் தண்ணீர் வராத குழி இருந்தால் தரைமட்டம் வரை மண் போட்டு மூடிவிடுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை, சம்ப் தொட்டிக்கு பிள்ளை தூக்க முடியாத மூடி. இது செலவு என்று பார்க்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள்

இந்த வயதில் மரம், மாடி, மதில், சைக்கிள். ஓடியாடினால் முட்டியில் சிராய்ப்பு வரத்தான் செய்யும். அதற்குப் பயந்து பிள்ளையை வீட்டுக்குள் அடைக்கச் சொல்லவில்லை. உயிர் போகும் உயரத்தை மட்டும் அடைக்கச் சொல்கிறோம்.

நம் ஊர்களில் ஒரு காட்சி சகஜம். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் நெல்லிக்குப்பத்திலும் பார்க்கலாம், இங்கே கடலூரிலும் பார்க்கலாம். வெளிநாட்டுச் சம்பளத்தில் கீழ்த்தளம் கட்டியாயிற்று. மேல்தளம் பாதியில் நிற்கும். படிக்குக் கைப்பிடி இருக்காது, மாடிக்குச் சுற்றுச்சுவர் இருக்காது, கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். "அடுத்த லீவில் வரும்போது முடிச்சிடலாம்" என்பார்கள். அந்த அடுத்த லீவு வரும்வரை பிள்ளைகள் அந்த மாடியில்தான் பட்டம் விடுகிறார்கள். கோடையில் குடும்பமே அங்கேதான் படுக்கிறது. தடுப்பில்லாத மொட்டை மாடியில் உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. டைல்ஸ் அடுத்த லீவுக்குக் காத்திருக்கட்டும். ஒரு மீட்டருக்குக் குறையாத சுற்றுச்சுவரும் படிக்குக் கைப்பிடியும் காத்திருக்கக் கூடாது. அதுவரை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள்.

உழைக்கும் வயது

இந்த வயதில் விழுவது பெரும்பாலும் வேலையில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்துப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். புயல் போன பின் ஓடும் ஷீட்டும் மாற்றக் கூரை மேல் ஏறாத வீடு இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் ஆள் எடை தாங்காது. பழசானதும் நனைந்ததும் முன்னறிவிப்பின்றி உடையும். அதன் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. கீழே உள்ள சட்டங்களின் மேல் தாங்கும்படி பலகை போட்டு, அதில்தான் நகர வேண்டும். மழை ஈரத்தில் ஏறவே கூடாது.

தென்னை மரம் ஏற, தண்ணீர்த் தொட்டி கழுவ, வெள்ளையடிக்க நாம் கூலிக்கு ஆள் வைக்கிறோம். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அவர் முழு உடலோடு வீடு திரும்புவதும் நம் பொறுப்பு என்று எண்ணுவோம். ஏணியைப் பிடிக்கக் கீழே ஓர் ஆள், இடுப்புக்குக் கயிறு, ஆடாத சாரம், மரம் ஏற உதவும் கருவி. இவற்றைக் கேட்டு வாங்கி, அதற்கான கூடுதல் கூலியையும் கொடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பரணில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க முக்காலி மேல் டப்பா வைத்து ஏறுகிறீர்கள். தினமும் வேண்டிய பொருளைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிறு பெரிதாகும்போது உடலின் சமநிலை மாறும், கால் தெரியாது. அவர்கள் ஈரத் துணி வாளியோடு மாடி ஏறக் கூடாது. விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும்போது புர்கா, துப்பட்டா, முந்தானை சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுத்துப் போட்டுவிடும். பின்சக்கரத்துக்குத் துணித் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குப் பிடியும் மிதியும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றி வைத்திருக்கும் தம்பிகள் இன்றே மாட்டிவிடுங்கள். புறப்படும் முன் துணியை மடியில் சுருட்டிக்கொண்டாரா என்று திரும்பிப் பாருங்கள்.

அறுபதுக்குப் பிறகு

இனி வருவதுதான் முக்கியமானது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுந்து இறப்பவர்களில் அதிகம் பேர் இந்த வயதினர்.

காரணம் ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்து வரும். தொடைத் தசை மெலிந்திருக்கும். கண்ணில் புரை இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய் ஈரம் தெரியாது, செருப்பு கழன்றதும் தெரியாது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை என நாலைந்து சேரும்போது தள்ளாட்டம் கூடும். இவ்வளவையும் சுமந்துகொண்டு அவர் இரவு இரண்டு மணிக்கு, விளக்குப் போட்டால் பிள்ளைகள் விழித்துவிடுவார்களே என்று, இருட்டில் பாத்ரூமுக்குப் போகிறார். தரை ஈரம். பிடிக்க ஒன்றுமில்லை. வேட்டியோ கைலியோ காலில் தட்டுகிறது. இதற்கு "வயசாயிடுச்சு" என்று ஒரே காரணம் சொன்னால் எப்படி?

நம் வீடுகளுக்கே உரிய சில நேரங்கள் உண்டு. பஜ்ருக்கு அவசரமாக எழுவது. ஒளுச் செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று மறு காலைக் கழுவுவது. ரமலானில் நோன்பு திறக்கும் முன் சர்க்கரை இறங்கித் தலை சுற்றுவது. படுக்கையிலிருந்து எழுமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை அசைத்துவிட்டு எழுங்கள். ஒளுவை உட்கார்ந்து செய்யுங்கள். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை வேளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிவழி தந்த சலுகை. அந்தச் சலுகையை ஏற்பதில் வெட்கம் வேண்டாம். தொழும் நாற்காலி மட்டும் வழுக்காததாக, கால்கள் விரியாததாக இருக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் வேண்டுகோள்: ஒளுச் செய்யும் இடத்தில் பாசி படியாமல் தேய்த்துக் கழுவி, சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகளைப் பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சிலர் நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்போது தசை இன்னும் மெலியும், அடுத்த விழுதல் இன்னும் பக்கத்தில் வரும். கால் பலத்துக்கும் சமநிலைக்குமான உடற்பயிற்சி, முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுவர் ஓரமாக நின்று குதிகால் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இவை போதும், தினமும் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் உட்கார வையுங்கள். எழுந்து மூன்று மீட்டர், அதாவது பத்தடி தூரம் வழக்கம்போல் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது. மருத்துவரிடம் காட்டுங்கள். சோதிக்கும்போது பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும்.

விழுந்ததை மறைக்காதீர்கள்

ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். முதல் விழுதல் ஓர் எச்சரிக்கை. ஆனால் நம் பெரியவர்கள் அதைச் சொல்வதில்லை. "துபாயில இருக்கிற பிள்ளை பயந்துடுவான், சொல்லாதே" என்று உம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொள்வார். மருமகளும் "கவனிக்கலைன்னு என்னைத்தான் சொல்வாங்க" என்று பேசாமல் இருந்துவிடுவார். இருவரும் அன்பாலும் அச்சத்தாலும்தான் மறைக்கிறார்கள். ஆனால் அந்த மௌனத்தில் இரண்டாவது முறை விழும்போது இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உம்மா விழுந்தார் என்று செய்தி வந்தால் "யார் கவனிக்காமல் விட்டது?" என்று தொடங்காதீர்கள். "எங்கே, எப்படி, எந்த நேரத்தில்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி வீட்டின் வாயை மூடும். இரண்டாவது கேள்விதான் பாத்ரூமில் கைப்பிடி வைக்கும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், காலை ஊன்ற முடியாவிட்டால், இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டு, வாந்தி, அதிக மயக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, காது மூக்கில் நீரோ இரத்தமோ வருதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. குழந்தைக்கும் இதுவே. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காட்டியாக வேண்டும். தலைக்குள் கசிவு மெதுவாக, நாள் கழித்தும் தெரியவரும்.

இடுப்பு முறிவில் நம் வீடுகள் நாளை இழப்பது இரண்டு வழியில். ஒன்று, "கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும்" என்று நாட்டுக் கட்டுக்குப் போவது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. வெளியே போடும் கட்டு அதை இணைக்காது. மற்றொன்று, "மகன் வரட்டும், முடிவு பண்ணலாம்" என்பது. படுத்தே கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், காலில் இரத்தம் உறையும். உடல்நிலை இடம் கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து, விரைவில் எழுப்பி உட்கார வைப்பதுதான் இன்றைய மருத்துவ முறை. மகனின் சம்மதத்தைத் தொலைபேசியில் வாங்கிவிடலாம். டிக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவமனை என்று நாம் அறிந்தது இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பிய பின் நடைப்பயிற்சிக்கு ஆள் வேண்டுமானால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இந்த ஜும்ஆவுக்குள் செய்ய வேண்டியவை

1. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு.

2. பாத்ரூமில் சுவரோடு பதித்த கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது.

3. நடையில் சுருளும் மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், படியில் கழற்றிப் போட்ட செருப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், எல்லாவற்றையும் அகற்றுதல்.

4. பெரியவருக்குப் பின்பட்டை வைத்த, தேயாத செருப்பு. கணுக்காலுக்கு மேல் கட்டிய கைலி.

5. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் ஒரு முறை காட்டுதல். கண் பரிசோதனை.

6. மாடிக் கதவுக்குப் பூட்டு, சம்ப் தொட்டிக்கு மூடி, கிணற்றுக்கு வலை.

இவற்றுக்குப் பணம் ஒரு தடையாக இருந்தால் தயங்காமல் அறக்கட்டளையில் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் வீடென்றால் நம் இளைஞர்கள் வந்து கம்பியும் விளக்கும் பொருத்தித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். வாக்கர் இரவல் கொடுப்பதைவிடக் கைப்பிடி பொருத்திக் கொடுப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரு கைப்பிடியின் விலை சில நூறு ரூபாய். அது இல்லாததால் ஒரு தாய் இழப்பது, தன் காலால் எழுந்து ஒளுச் செய்யும் சுதந்திரத்தை.

நம் பிள்ளைகளின் கைகால்களுக்கு அல்லாஹ் பாதுகாப்பையும், நம் பெரியவர்களின் எழுகைக்கும் அமர்வுக்கும் வலிமையையும், அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.